மேலே பிறந்தநாள், கீழே விளம்பரம், நடுவில் பந்து

கேபிள் டிவி ஆபீஸில் புகார் போன் எடுக்கிறவளுக்கு ஊரில் ஓடும் எல்லா சீரியலின் முடிவும் தெரியும், ஆனால் ஒரு எபிசோடைக்கூட முழுசாகப் பார்த்திருக்க மாட்டாள். கேஸ் ஏஜென்சியிலும் ஆஸ்பத்திரி ரிசப்ஷனிலும் பஸ் ஸ்டாண்டு விசாரணை ஜன்னலிலும் உட்கார்ந்து, தான் செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கும் சகோதர சகோதரிகளே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

எங்கள் ஆபீஸ் பாலக்கரையில் இருக்கிறது. முதலாளி ஜமால் பாய். கேபிள் இணைப்போடு ஒரு உள்ளூர் சேனலும் நடத்துகிறார். காலையில் பக்திப் பாட்டு, மத்தியானம் சமையல், சாயந்திரம் ஜவுளிக்கடை விளம்பரம் என்று நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த சேனல் அது. இந்த வருஷம் பாய்க்கு என்ன தோன்றியதோ, பொன்மலைப் பக்கத்து மைதானத்தில் நடந்த கால்பந்துப் போட்டி முழுவதையும் நேரடியாக ஒளிபரப்புகிறேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டார். வாழ்த்தும் விளம்பரமும் போடுகிற கம்ப்யூட்டரில் ரெஜினா, கேமராவில் விக்டர் அண்ணன், போனில் நான்.

ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். நம்ம ஊர் அணியில் பதினொன்றாம் நம்பர் சட்டை போட்டுக்கொண்டு இடது ஓரத்தில் ஓடுகிறவர் என் வீட்டுக்காரர். துவாக்குடியில் ஒரு பட்டறையில் வெல்டர். முப்பத்தொரு வயசு முடிந்துவிட்டது. மீசை முளைத்த நாளிலிருந்து பந்தாடுகிறார், ஒரு ஃபைனல்கூட ஆடியதில்லை. இந்த வருஷம் விட்டால் அவ்வளவுதான் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆபீஸில் ரெஜினாவுக்கும் தெரியும். போன் பண்ணித் திட்டுகிறவர்களுக்குத்தான் தெரியாது.

இடது பக்கம் வேலை செய்யவில்லை

முதல் மேட்ச் ஆரம்பித்துக் கால் மணி நேரத்தில் கைலாசபுரத்திலிருந்து ஒரு போன். குரலில் அதிகாரம் இருந்தது. "இடது பக்கம் சுத்தமா வேலை செய்யலம்மா" என்றார். எவ்வளவு நேரமாக என்று கேட்டேன். ஆரம்பித்ததிலிருந்தே என்றார். வலது பக்கம் எப்படி என்று கேட்டேன். "அதுவும் சுமார்தான். நடுவுல மட்டும்தான் ஏதோ ஓடுது" என்றார். நான் திருவெள்ளறைப் பக்கம் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். எங்கள் விளையாட்டு பீரியடில் கோகோ உண்டு, கபடி உண்டு, கால்பந்து என்றால் கிரிக்கெட் பந்து தொலைந்த நாளில் உதைப்பது. புகார் நோட்டில், 'படம் நடுவில் மட்டும் தெரிகிறது, இரு ஓரமும் இல்லை' என்று எழுதி, விலாசம் வாங்கிக்கொண்டு லைன்மேனை ஏணியோடு அனுப்பிவைத்தேன்.

லைன்மேன் ஒரு மணி நேரம் கழித்துக் காபி குடித்துவிட்டு வந்தார். போன் பண்ணியவர் நம்ம ஊர் அணியின் தலைவராம். தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவர். முழங்கால் ஆபரேஷன் ஆனதால் மைதானத்துக்கு வர முடியாமல், டிவி முன்னால் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாராம். யாரை இறக்குவது, யாரை உட்கார வைப்பது என்று அவர் எழுதிக் கொடுப்பதைத்தான் கோச் படிப்பாராம். சார் எனக்குச் சொல்லி அனுப்பியதை லைன்மேன் ஒரு எழுத்து குறையாமல் ஒப்பித்தார்: "என் டிவி நல்லாத்தான் இருக்கு, பழுது அந்தப் பதினொன்னாம் நம்பர்ல."

எதிர்வீட்டில் முதலில் விழுகிற கோல்

பீமநகரில் ஒரு பெரியவர். குவைத்தில் ரொம்ப வருஷம் இருந்துவிட்டு வந்தவர், பந்தாட்டம் என்றால் உயிர். நாங்கள்தான் அவர் வீட்டில் போன மாசம் புது பாக்ஸ் மாட்டிக் கொடுத்தோம். படம் கண்ணாடி மாதிரி இருக்கும். ஒரே ஒரு சங்கடம், பழைய பாக்ஸைவிட எட்டுப் பத்து நொடி தாமதமாக வரும். சீரியலில் இது யாருக்கும் தெரியாது. சீரியலில் எட்டு நொடியில் என்ன நடந்துவிடப் போகிறது, அதற்குள் ஒருத்தி திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டாள். பந்தாட்டத்தில் தெரிகிறது. அவருக்கு எதிர்வீட்டில் பழைய பாக்ஸ்.

"இந்தப் புது பாக்ஸைக் கழட்டிட்டு பழசையே மாட்டுங்கம்மா" என்றார். படம் தெளிவாக இல்லையா என்று கேட்டேன். படத்துக்கு ஒன்றும் குறைவில்லை என்றார். பிறகு என்னதான் பிரச்சினை என்று கேட்டதற்கு, கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்: "நம்ம பையன் பெனால்டி அடிக்கப் பந்தையே இன்னும் வைக்கல, எதிர்வீட்டு ஆளு தலையில கை வச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு, இதுக்கு மேல அல்லாகிட்ட நான் என்னன்னும்மா துஆ கேக்கறது?"

கல்யாண கேமரா

விக்டர் அண்ணன் நல்ல கேமராக்காரர். இந்த வட்டாரத்தில் பாதிக் கல்யாணம் அவர் எடுத்ததுதான். மைதானத்தில் சாரம் கட்டி அவரை மேலே ஏற்றிவிட்டார்கள். சாரத்துக்குக் கீழேதான் கோச் உட்காரும் பெஞ்சு. தாலி கட்டும்போது கையை எடுக்கக் கூடாது, பெண்ணின் அப்பா முகத்தை எடுக்க வேண்டும், அப்போதுதான் கேசட்டுக்கு மதிப்பு என்பது அவர் தொழில் ரகசியம். அதே ரகசியத்தை இங்கேயும் கடைப்பிடித்தார். கோலுக்குப் பக்கத்தில் பந்து போனாலே கேமரா திரும்பி, ஷாமியானாவில் உட்கார்ந்திருக்கும் சிறப்பு விருந்தினர் முகத்துக்குப் போய்விடும். அவர் பாதி நேரம் பிஸ்கட் தின்றுகொண்டிருப்பார்.

துவாக்குடியில் ரூம் எடுத்துத் தங்கிப் படிக்கும் பையன்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்கள். ரொம்ப மரியாதையான பிள்ளைகள். "அக்கா, எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல. நம்ம டீம் எப்படி அட்டாக் பண்ணுதுன்னு தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்" என்றான் ஒருவன். பின்னாலிருந்து இன்னொருவன் குறுக்கே பேசினான்: "இதுவரைக்கும் எங்களுக்குத் தெரிஞ்சது, சீஃப் கெஸ்ட்டுக்கு கிரீம் பிஸ்கட் பிடிக்காது, அது மட்டும்தாங்க்கா."

ஸ்ரீரங்கத்து மாமாவின் சந்தேகம்

உள்ளூர் சேனலின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். திரையின் மேல் ஓரத்தில் ஒரு பட்டை, அதில் பிறந்தநாள், காதணி விழா, புதுமனை வாழ்த்து. கீழ் ஓரத்தில் இன்னொரு பட்டை, அதில் நகைக்கடையும் ஆழ்துளைக் கிணறும். கீழ்ப்பட்டையாவது ஒரு அளவில் நிற்கும். மேல்பட்டை அப்படியில்லை. குழந்தை போட்டோவோடு 'வாழ்த்தும் உள்ளங்கள்' என்று பேர் போட வேண்டும். அப்பா, அம்மா, இரண்டு தாத்தா, இரண்டு பாட்டி, மாமா, அத்தை, சித்தப்பா என்று எழுத எழுத பட்டை தடிமனாகிக்கொண்டே போகும். ஒரு சித்தப்பா கூடினால் மைதானத்தில் ஒரு கஜம் குறையும்.

உத்தர வீதியிலிருந்து ஒரு மாமா கூப்பிட்டார். கோயில் கைங்கரியக் குடும்பம், பேச்சே பாசுரம் மாதிரி இருக்கும். "கொழந்தே, யாராத்துக் கொழந்தைக்கோ திருநக்ஷத்ரம், பேஷ், க்ஷேமமா இருக்கட்டும். ஆனா பந்து மேலே போனா கொழந்தைக்குள்ள போயிடறது, கீழே வந்தா நகைக்கடைக்குள்ள போயிடறது. அப்புறம் எங்கேர்ந்தோ நடுவிலே தானா வரது. யார் அனுப்பறா, எங்கேர்ந்து அனுப்பறா, ஒண்ணும் புரியல்லை" என்றார். நான் 'பட்டை பெரிதாக உள்ளது' என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். அதுபோல தினம் பத்துப் புகார் வரும், அதனால் மேலே யோசிக்கவில்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும். போனை வைப்பதற்கு முன் மாமா சொன்னார்: "பகவான் கண்ணுக்குத் தெரியாம உள்ளே இருந்து நடத்தலாம்மா, ஃபுட்பால் ப்ளேயர் நடத்தப்படாது."

என் புகார்

இரண்டாவது மேட்ச்சும் முடிந்தது. இரண்டிலும் நம்ம அணி எப்படியோ ஒரு கோல் போட்டு ஜெயித்தது. ஃபோர்மேன் சார் ஜெயித்ததில் திருப்தியே படவில்லை. இப்போதெல்லாம் அவர் நேராக எனக்கே போன் பண்ணுகிறார். ஆட்டம் நடக்கும்போது கோச் போனை எடுப்பதில்லை. ஆபீஸில் சொன்னால் நான் விக்டர் அண்ணனுக்குச் சொல்வேன், அண்ணன் சாரத்திலிருந்து குனிந்து கோச் காதில் போடுவார் என்று சார் வழி கண்டுபிடித்திருந்தார். அன்றைக்கு அவர் சொன்னது: "ஏம்மா, எழுதிக்க. அட்டாக்னா ரெண்டு ஓரத்துலயும் வரணும். இடது ஓரத்துல ஆளே இல்லாத மாதிரி இருக்கு. செமிஃபைனல் வரைக்கும் பாப்பேன். அதுலயும் அந்தப் பதினொன்னு இப்படியே நின்னுட்டு இருந்தான்னா, ஃபைனல்ல பெஞ்சுதான்."

நான் எழுதிக்கொண்டேன். வீட்டுக்குப் போய் நேரே சொல்லியிருக்கலாம். ஆனால் நானும் ஆபீஸ் டிவியில் இரண்டு மேட்ச்சும் பார்த்தவள்தானே. சாப்பாடு போடும்போது, "ஏங்க, நீங்க பந்தைத் தொடவே இல்லையே, கால் வலியா?" என்று கேட்டுவிட்டேன். சாம்பாரில் உப்பே இல்லாவிட்டாலும் ஒரு வார்த்தை சொல்லாத மனுஷர். சட்டையைக் கழற்றி என்னிடம் நீட்டினார். பிழிந்தால் ஒரு சொம்பு வேர்வை வரும். நான்கு வயசு மகள் இனியா மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். அவர் கையைக் கழுவிவிட்டுச் சொன்னார்: "நின்னுட்டிருந்தா இப்படி நனையுமா? நீ எந்த ஊர் மேட்ச்சைப் பாத்துட்டு வந்த?"

மைதானத்தில் ஒரு சாயங்காலம்

மூன்றாவது மேட்ச் எனக்கு வாராந்திர லீவில் வந்தது. இனியாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். சங்கதி புரிய பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. மனுஷர் சுண்ணாம்புக் கோட்டை ஒட்டி, கோடு போட்டவரே வியக்கும் அளவுக்கு ஒட்டி, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டே இருக்கிறார். ஓரத்தில் பந்தை வாங்குகிறார், ஒருவரை ஏமாற்றுகிறார், நடுவில் நிற்பவனுக்கு அனுப்புகிறார். அன்றைக்கு விழுந்த ஒரே கோலும் அவர் அனுப்பிய பந்தில்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆட்டோக்காரர் ஒருவர், "பதினொன்னு இல்லன்னா இந்த டீமே இல்லம்மா" என்று என்னிடமே சொன்னார். நான் குழந்தைக்கு முறுக்கு வாங்கிக் கொடுப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். கண்ணில் தூசி.

மறுநாள் ஆபீஸ் போனதும் ரெஜினாவிடம் அதே மேட்ச்சின் பதிவைப் போடச் சொன்னேன். இரண்டு பேரும் பார்த்தோம். முதல் பாதியில் அவர் ஓடும் ஓரம் மேலே, அங்கே ஒரு குழந்தைக்கு இரண்டாவது பிறந்தநாள், வாழ்த்தும் உள்ளங்கள் பதினான்கு பேர். இரண்டாம் பாதியில் பக்கம் மாறி அவர் கீழே வருகிறார், அங்கே நகைக்கடை. முழு ஆட்டத்திலும் அவர் வெளியே தெரிந்தது இரண்டே இடம். ஒன்று, ஆரம்பத்தில் கை குலுக்கியது. இன்னொன்று, தண்ணீர் குடிக்க நடுவில் வந்து நின்றது. அதுவும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு. ரெஜினா கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்: "அக்கா, உங்க வீட்டுக்காரரை ரெண்டு வாரமா நான்தான் மூடி வச்சிருக்கேன்."

தாய்மாமனின் நியாயம்

ஜமால் பாயிடம் போய் நின்றேன். பட்டையை எடுத்தால்தான் ஆட்டம் தெரியும், இத்தனை புகாரும் அதனால்தான் என்று நோட்டைப் பிரித்துக் காட்டினேன். பதினொன்று யார் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். பாய் நல்ல மனுஷர், ஆனால் வியாபாரி. "தங்கச்சி, எனக்கும் பாவமாத்தான் இருக்கு. ஆனா வாழ்த்துக்கு ஆளுங்க முன்னாடியே சொல்லி வச்சுட்டாங்க. ஒரு வீட்டுப் பிறந்தநாளை நிறுத்தினா அந்தத் தெருவே கனெக்‌ஷனைக் கழட்டிடும். அவங்களே வேண்டாம்னு சொன்னா எடுத்துக்க" என்றார். அவங்களே எப்படி வேண்டாம் என்பார்கள்? பெற்ற பிள்ளை போட்டோ அல்லவா. எனக்கும் ஒரு பிள்ளை இருக்கிறதே, அப்படி யோசித்தேன். ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு, ஒரே கேள்வி கேட்டேன்: "பாப்பா போட்டோ ஓரத்துல தீப்பெட்டி அளவு வேணுமா, இடைவேளையில டிவி முழுக்க வேணுமா?" ஒரு அம்மாகூட ஓரத்தைக் கேட்கவில்லை. கடைக்காரர்களுக்கும் அதே கேள்வி, அதே பதில்.

ஒரே ஒருத்தர்தான் மசியவில்லை. காதணி விழாவுக்குத் தாய்மாமன். இடைவேளையில் எல்லாரும் டீ போட எழுந்து போய்விடுவார்கள், என் பேர் கோல் விழும் நேரத்தில்தான் திரையில் இருக்க வேண்டும் என்றார். கோல் எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாதே என்றேன். அதனால்தான் ஆட்டம் முழுக்க இருக்கட்டும் என்கிறேன் என்றார். நியாயம்தான். கடைசியில் இடைவேளையில் முதல் போட்டோ அவருடையது, குழந்தையைவிட அவர் முகம் பெரிதாக இருக்கும், வேறு மாமன் பேர் பக்கத்தில் வராது என்று மூன்று வாக்குறுதி கொடுத்தபிறகு சம்மதித்தார். அந்த மூன்றாவது வாக்குறுதியில்தான் குரலே மாறியது: "அதை முதல்லயே சொல்லியிருந்தா நான் ஏம்மா இவ்வளவு நேரம் பேசப் போறேன்?"

புதுப் பையன்

செமிஃபைனல். முதல் தடவையாக எங்கள் சேனலில் மைதானம் முழுசாகத் தெரிந்தது. ஓரத்தில் சுண்டல் விற்கிறவர் தெரிந்தார். கோட்டுக்கு வெளியே மேய்ந்த ஆடு தெரிந்தது. என் வீட்டுக்காரரும் தெரிந்தார். தெரிந்தவர் சும்மா இருந்தாரா? முதலில் கிடைத்த பந்தை ஓங்கி அடித்தார், அது காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி ரோட்டுக்குப் போயிற்று. இரண்டாவது பந்தில் வழுக்கி உட்கார்ந்தார். நான் ஆபீஸில் முந்தானையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். துவாக்குடிப் பையன்கள் உடனே போன்: "அக்கா, தப்பா நினைக்காதீங்க, அந்தப் பிறந்தநாளையே திரும்பப் போட்டுருங்க."

அடுத்த போன் ஃபோர்மேன் சாருடையதாக இருக்கும் என்று பயந்துகொண்டே இருந்தேன். வரவில்லை. அரை மணி நேரம் வரவில்லை. இரண்டாம் பாதியில் மனுஷர் கீழ் ஓரத்தில் நகைக்கடை இருந்த இடத்தில் பந்தை வாங்கி, ஒருவரை இப்படித் திருப்பி, இன்னொருவரை அப்படித் திருப்பி, நடுவில் தூக்கி அனுப்பினார். நம்ம பையன் தலையால் முட்டினான், கோல். விக்டர் அண்ணனுக்கு நான் போனில் போட்ட சத்தத்தில் கேமராவும் அன்றைக்கு விருந்தினர் பக்கம் போகவில்லை. அப்புறம்தான் சார் போன் வந்தது. "யாரும்மா அந்தப் புதுப் பையன்? பதினொன்னாம் நம்பர் சட்டையை யாருக்குக் குடுத்திருக்காங்க?" என்றார். பழைய ஆள்தான் சார் என்றேன். நம்பவில்லை. நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. "இருக்கவே இருக்காது. பழைய பதினொன்ன நான் மூணு மேட்ச் உக்காந்து பாத்திருக்கேன், அவன் தண்ணி குடிக்கத்தான் வருவான். ஃபைனலுக்கும் இந்தப் பையனையே இறக்கச் சொல்லு."

ஃபைனல்

ஒரு விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை. எதிரணிக்காரர்கள் வீட்டிலும் டிவி இருக்கிறது. முதல் மூன்று மேட்ச்சையும் பார்த்து, நம்ம அணிக்கு ஓரத்தில் ஆளே கிடையாது, நடுவை அடைத்தால் போதும் என்று இருந்திருக்கிறார்கள். செமிஃபைனலைப் பார்த்ததும் விழித்துக்கொண்டார்கள். ஃபைனல் ஆரம்பித்ததிலிருந்தே என் வீட்டுக்காரர் பக்கத்தில் இரண்டு தடியர்கள். அவர் ஓடினால் ஓடினார்கள், நின்றால் நின்றார்கள். அவர் ஷூ கயிறு கட்டக் குனிந்தபோது அவர்களும் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். பந்து அவர் பக்கம் வரவே இல்லை. கோலும் யாருக்கும் விழவில்லை. இந்தத் தடவை ஊரே பார்க்க, மனுஷர் பந்தைத் தொடவில்லை.

முடிய இருபது நிமிஷம் இருக்கும்போது ஃபோர்மேன் சார். "ஏம்மா, பதினொன்ன வெளிய எடுக்கச் சொல்லு. உடனே."

ஒரு கையில் இந்தப் போன், இன்னொரு கையில் விக்டர் அண்ணன் போன். சொல்லாமல் விட்டுவிடலாம், லைன் கிடைக்கவில்லை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் சொன்னதைச் சொன்னபடி சேர்ப்பதுதான் என் வேலை, அதற்குத்தான் என்னை நம்பிப் பேசுகிறார். "சொல்றேன் சார். உங்க பேரைச் சொல்லியே சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு. அந்தப் பதினொன்னு என் வீட்டுக்காரர்" என்றேன்.

"அன்னைலேர்ந்து உன்கிட்டயா அவனைத் திட்டிட்டிருக்கேன்?"

"ஆமா சார்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீங்க நிறுத்திருப்பீங்க சார். அப்புறம் என்ன குறைன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? இப்பவும் அவருக்காகப் பேசல சார். ஒரே ஒரு தடவை பந்தைப் பாக்காம, அவங்க ஆளுங்களை எண்ணிப் பாருங்க. ரெண்டு பேரு இவர்கூட சும்மா நிக்கறாங்க. இவரை வெளிய எடுத்தா அந்த ரெண்டு பேரும் நடுவுக்கு வந்துருவாங்களே."

ஃபோர்மேனாக இருந்தவர் அல்லவா, ஆள் கணக்கு என்றால் உடனே புரியும். வாய்விட்டு எண்ணினார். எனக்குக் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, மறுபடி முதலிலிருந்து எண்ணினார். "நடுவுல ஒருத்தன் குறையறான்" என்றார் மெதுவாக. "கோச்சுகிட்ட சொல்லு. பதினொன்னு அப்படியே ஓரத்துலயே இருக்கட்டும். பந்து அவன்கிட்ட போகவே வேணாம். எல்லாம் நடுவுல போடச் சொல்லு." விக்டர் அண்ணனுக்குச் சொன்னேன், அண்ணன் குனிந்து கோச்சுக்குச் சொன்னார், கோச் எழுந்து நின்று கத்தினார். என் வீட்டுக்காரர் அதைக் கேட்டுவிட்டு, பந்து இருக்கும் பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூலைக்கொடி வரைக்கும் ஓடினார். இரண்டு தடியர்களும் கூடவே ஓடினார்கள். நடுவில் வாசல் திறந்த மாதிரி ஆகிவிட்டது. நம்ம பையன் ஒருவன் நிதானமாக நடந்து போவதுபோலப் போய்க் கோலில் போட்டான்.

ஒன்றுக்குப் பூஜ்யம். கோப்பை நமக்கு. என் வீட்டுக்காரருக்கும் ஒரு மாலை போட்டார்கள். அதற்கு மட்டும் ஆறு போன் வந்தது, பந்தைத் தொடாதவனுக்கு மாலை எதற்கு என்று. ஆறு பேருக்கும் பொறுமையாக வணக்கம் சொன்னேன். ஏழாவது போன் ஃபோர்மேன் சார். பேனாவை மூடிவிட்டார் போலிருக்கிறது, குரல் வேறு மாதிரி இருந்தது: "அடுத்த வருஷமும் உன் வீட்டுக்காரன்தாம்மா பதினொன்னு, ஆனா உங்க முதலாளிகிட்ட சொல்லி அந்தப் பட்டையைத் திரும்பப் போட்டுரு, அவனை எவனும் பாக்கக் கூடாது."

ஆக, புருஷனை ஊருக்குக் காட்ட அத்தனை வீட்டுக்குப் போன் போட்ட நான், அடுத்த வருஷம் அவரை மூடி வைப்பதற்காக, எந்த வீட்டுப் பிள்ளைக்குச் சித்தப்பாக்கள் அதிகம் என்று இப்போதே விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.